கிறிஸ்தவருக்கு மலர்ந்த முகம் கடமையா?

ஜார்ஜ்டவுனில் பெயர்ப்பலகை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று சொன்னாலும், பழைய பினாங்குக்காரர்களுக்கு அது இன்றும் பிட் ஸ்திரீட்தான். வடமுனையில் செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே நடந்தால் ஊதுவத்திப் புகை ஓயாத குவான் யின் கோயில், பூ கட்டி விற்பவர்கள், பணமாற்றுக் கடைகள், ஒரு தெரு தள்ளி மகா மாரியம்மன் கோயில், அப்புறம் 1801இல் காதர் முகைதீன் எழுப்பிய பள்ளிவாசல். நான்கு சமயத்தார் அன்றாடம் குறை சொல்லி அழுதும் நன்றி சொல்லி மகிழ்ந்தும் திரும்புகிற பாதை இது.

அந்த ஆலயம் 1818இல் கட்டி முடிந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் கல்கத்தா பேராயர் மிடில்டன் வந்து பிரதிஷ்டை செய்தார். வெள்ளைத் தூண்களை நிறுத்தியவர்கள், இந்தியாவிலிருந்து கடல் கடத்தப்பட்ட கைதிகள். எப்போதும் சந்தோஷமாக இருக்கச் சொல்லும் அப்போஸ்தலப் புத்திமதியை அந்தத் தூண்களுக்குள்ளே 200 ஆண்டுகளாக வாசித்து வருகிறார்கள். கல் சுமந்த கைதிக்கு அந்தப் புத்திமதி எப்படிக் கேட்டிருக்கும்?

கிறிஸ்தவ வாழ்வில் மலர்ச்சி என்று பேச வந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. சந்தோஷம் கட்டளையா, வரமா, பழக்கமா? துக்கப்படுகிற விசுவாசி குறைவுள்ள விசுவாசியா? நம்பிக்கையோடு பேசினால் நல்லது நடந்துவிடுமா? வேதம், சபை வரலாறு, தமிழ்க் கிறிஸ்தவ மரபு, பினாங்கின் அனுபவம், இன்றைய உளவியல் ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு தீர்ப்புக்கு வரலாம்.

வேதம் கேட்பது என்ன?

சந்தோஷத்துக்கு ஆதாரம் கேட்டால் எல்லோரும் முதலில் புரட்டுவது பிலிப்பியர் நிருபம். நான்கே அதிகாரம். அதற்குள் மகிழ்ச்சிப் பேச்சு பத்து தடவைக்கு மேல் வருகிறது. எழுதிய பவுல் காவலில் இருந்தார். விடுதலையா சாவா என்பது அவருக்குத் தெரியாது. பிரசங்கங்களில் இவ்வளவும் சொல்வார்கள். அதே நிருபத்தில், தம் தோழன் எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய் மீண்டதையும், அவன் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின் மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும் பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் சிலரைப் பற்றிக் கண்ணீரோடு சொல்வதாக எழுதுகிறார். வேதத்தின் மிகச் சந்தோஷமான கடிதத்திலேயே எழுதியவரின் கண் ஈரமாக இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் இன்னொரு சான்று. பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடு இராத்திரியில் பாடினார்கள். அந்தப் பாட்டைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருப்போம். மறுநாள் காலையில் நடந்ததை அவ்வளவாக யாரும் எடுப்பதில்லை. அதிகாரிகள் இருவரையும் சத்தமில்லாமல் வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள். பவுல் ஒப்பவில்லை. விசாரணையின்றி ரோமக் குடிமக்களைப் பகிரங்கமாக அடித்தவர்கள் தாங்களே வந்து அழைத்துப் போகட்டும் என்கிறார். அவர்களும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். பாடியவரே நியாயமும் கேட்டார். கிறிஸ்தவ மலர்ச்சி அநியாயத்துக்குத் தலையாட்டுவது என்று நினைப்பவர்கள் இந்த அதிகாரத்தைப் பாதியில் மூடியவர்கள்.

சங்கீதப் புத்தகம் இன்னும் வெளிப்படையானது. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடும் புலம்பலும்தான். பெரும்பாலானவை அழுகையில் தொடங்கித் துதியில் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டு நூலிலிருந்து யாரும் நீக்கவில்லை. அமெரிக்க வேத அறிஞர் வால்ட்டர் புரூகமன் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில், புலம்பல் சங்கீதங்களைக் கைவிட்ட சபை பெரியதொன்றை இழக்கிறது என்று எச்சரித்தார். கடவுளிடம் கேள்வி கேட்கும் உரிமையை இழந்தவர்களுக்குத் துதி வெறும் முகத்துதியாகிவிடும், நியாயம் கேட்கும் வாயும் அடைத்துப்போகும் என்பது அவர் வாதம். மகிழ்கிறவர்களோடு மகிழவும் அழுகிறவர்களோடு அழவும் ரோமர் நிருபம் ஒரே மூச்சில் சொல்வதும் இதனால்தான்.

சிரிப்புக்குப் பயந்தவர்களும் சிரித்த புனிதர்களும்

சபை வரலாற்றில் இந்தச் சமநிலை அடிக்கடி ஆடியிருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ், தனிமையிலிருக்கும் துறவியை நடுப்பகலில் பிடிக்கும் சோர்வை ஒரு பேயாகவே வருணித்தார். பிற்காலத்துச் சோம்பல் என்ற தலையான பாவத்தின் பூர்வீகம் அதுதான். அதே காலத்து யோவான் கிறிசோஸ்தோம், இயேசு அழுததாக வேதத்தில் உண்டு, சிரித்ததாக இல்லை என்று சுட்டிக்காட்டி, சிரிப்பைக் கட்டுக்குள் வைக்கச் சொன்னார். பெனடிக்ட் துறவியரின் ஒழுங்கும் பெருஞ்சிரிப்பை விரும்பவில்லை.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறு பக்கம் சாய்ந்தார். அளவான விளையாட்டும் நகைச்சுவையும் நற்பண்பு என்றார். தானும் சிரிக்காமல் பிறர் சிரிப்பையும் கெடுப்பவனிடம் குற்றம் கண்டார். துக்கத்துக்கு அவர் சொன்ன மருந்துப் பட்டியல் இன்றும் வியப்பூட்டும்: ஏதேனும் ஓர் இன்பம், அழுகை, நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல், தூக்கமும் குளியலும். ஜெபம் பண்ணினால் எல்லாம் சரியாகும் என்று அந்த மாபெரும் இறையியலாளர் இந்த இடத்தில் ஒரே வரியில் முடிக்கவில்லை. உடம்பும் மனமும் ஒன்றை ஒன்று இழுக்கும் என்று அறிந்து எழுதினார்.

16ஆம் நூற்றாண்டு ரோம் நகரில் பிலிப்பு நேரி வேடிக்கையும் குறும்புமாக இளைஞர்களைச் சேர்த்தார். மனச்சோர்வால் அவதிப்பட்ட ஜெரோம் வெல்லருக்கு மார்ட்டின் லூத்தர் 1530இல் எழுதிய கடிதத்தில், தனியே இருக்காதே, ஆட்களோடு சேர், வேடிக்கை பேசு என்று அறிவுரை சொன்னார். லூத்தரே அடிக்கடி மனம் இருண்டவர், பட்டறிவில் சொன்னது. 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே பக்தி இயக்கத்தின் பிள்ளை. ஆட்டம், நாடகம், வீண் பேச்சு ஆகியவற்றைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த இயக்கம் அது. அந்த ஒழுக்கமும் பின்வந்த மிஷன்களின் கண்டிப்பும் சேர்ந்து, தமிழ்ச் சபைகளில் பக்திமான் என்றால் இறுகிய முகம் என்ற ஒரு படிமத்தை விட்டுப்போயின.

தமிழ் பாடிய மகிழ்ச்சி, யாருக்கு?

தமிழ் மரபு அந்தப் படிமத்துக்கு முழுதாக அடங்கவில்லை. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். இயேசு சபைத் துறவி ஒருவர், குருமார்களையே கேலிக்குரியவர்களாக்கிச் சிரிக்க வைத்த கதை அது. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரம் பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கை. தாது வருடப் பஞ்சத்தில் ஊருக்குக் கஞ்சி வார்த்தவரும் அவரே. சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதிய அவர் பினாங்கின் இந்தச் சாலையைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இதில் நின்று பார்க்க வேண்டியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர்; சரபோஜி மன்னரோடு படித்தவர். குறவஞ்சி என்ற துள்ளல் நடைக் கூத்து வடிவத்தைப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனவர். இன்றும் தமிழ்ச் சபைகளில் கிறிஸ்மஸ் களைகட்டுவது அவர் கீர்த்தனைகளால். 1820களில் வந்த புதிய மிஷனரிகளுக்கும் அவருக்கும் பெரும் மோதல் மூண்டது. கலியாணத்திலும் சாவிலும் பூமாலை கூடாது, ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனை கூடாது என்று அவர்கள் தடுத்ததைக் கொடுமை என்று எழுதி முறையிட்டார். ஒரு சனத்தின் மகிழ்ச்சியை அதன் தாளத்திலிருந்தும் பூவிலிருந்தும் பிரிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் வென்றார் என்றே சொல்ல வேண்டும். மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது சாஸ்திரியார் பாடல்கள் அதில் ஏராளமாக இடம்பெற்றன.

ஆனால் அதே முறையீட்டில், எல்லாச் சாதியாரையும் ஆலயத்தில் ஒன்றாக உட்கார வைப்பதையும் அவர் கொடுமைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தார். அவர் காத்த மகிழ்ச்சிக்கு வேலி இருந்தது. அந்த வேலியை மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஒருவர் பிரித்துப்போட ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பரட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்த தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005) கர்நாடக ராகத்தை விட்டு நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்று கற்பித்தார். தலித் மக்களின் பாட்டில் அழுகையும் ஆட்டமும் கேலியும் கோபமும் ஒன்றாகவே வரும். சந்தோஷத்தை அளக்க அவர் ஒரு கோல் தந்துவிட்டுப் போனார்: பானை பொதுவா என்று பார்.

துக்கத்துக்கும் தமிழில் இடம் இருந்தது. இலங்கையில் ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இழுத்து ஓதப்படும். கேட்பவர் அழுவது அங்கே வழிபாட்டின் பகுதி. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையில், நம்பிக்கையிழவுச் சேறும் சந்தேகக் கோட்டையும் பயண வழியிலேயே வருகின்றன. பனியன் 1684இல் எழுதிய இரண்டாம் பாகத்தில், வாழ்நாளெல்லாம் மனம் தளர்ந்திருந்த ஒருவரும் பயந்தே வளர்ந்த அவர் மகளும்கூட ஆற்றைக் கடந்து கரை சேர்கிறார்கள். சோர்ந்தவர்களை வாசலில் நிறுத்தாத கதை அது.

வாக்குத்தத்த அட்டையும் அனனியாவும்

டிசம்பர் 31 இரவு. பினாங்கானாலும் பாளையங்கோட்டையானாலும் தமிழ்ச் சபைகளில் பழைய ஆண்டின் கடைசி ஆராதனை. பன்னிரண்டு மணி அடித்ததும் கைகுலுக்கல், கேக், அப்புறம் வாக்குத்தத்த அட்டை. தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கொன்றை ஜெபத்தோடு எடுப்பார்கள். ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு, தலையாக்குதல், வாலாக்காமை. எடுத்த அட்டை ஆண்டு முழுதும் பர்ஸிலோ பிரிட்ஜ் கதவிலோ இருக்கும். எந்த அச்சகமும் 88ஆம் சங்கீதத்தை அட்டையில் அச்சிட்டதாகத் தெரியவில்லை.

அந்த அட்டைகளில் மிகப் பிரபலமான ஒன்று எரேமியா 29:11. உங்களுக்கு நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கடவுள் சொல்லும் இடம். இந்த வசனத்தின் முன்கதையைப் படித்தால் முழு விவகாரமும் விளங்கும். பாபிலோனுக்கு மக்கள் நாடு கடத்தப்பட்ட காலம். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே ஆண்டில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள், கொள்ளைபோன ஆலயப் பாத்திரங்களும் திரும்பும் என்று முழங்குகிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். இன்றைய பேச்சில் அனனியா ஒரு 'பாஸிட்டிவ்' தீர்க்கதரிசி. எரேமியா முதலில், அப்படியே ஆகட்டும், ஆமென் என்றுதான் சொல்கிறார். அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பிறகு நாடு கடத்தப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். திரும்ப 70 ஆண்டு ஆகும். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இவ்வளவும் சொன்ன பிறகே அட்டையில் வரும் வசனம் வருகிறது. 70 ஆண்டு என்றால், கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அங்கேயே சாவார்கள் என்று பொருள்.

அனனியாவின் வழிக்கு நம் காலத்திலும் வலுவான பிரசங்கிகள் உண்டு. நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் எழுதிய நேர்மறைச் சிந்தனையின் வல்லமை பற்றிய நூல் பல லட்சம் படிகள் விற்றது. கிறிஸ்தவச் செய்தியைத் தன்னம்பிக்கைப் பயிற்சியாகச் சுருக்குகிறார் என்று ரைன்ஹோல்ட் நீபர் போன்ற இறையியலாளர்கள் அப்போதே கண்டித்தார்கள். பின்னர் வாயால் அறிக்கையிட்டால் நடக்கும் என்ற போதனை அமெரிக்காவிலிருந்து பரவியது. அதை ஆய்ந்து 2013இல் நூல் எழுதிய வரலாற்றாசிரியர் கேட் பவுலருக்கு 35 வயதில் முற்றிய புற்றுநோய் கண்டது. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களின் சொற்கள் எப்படிக் குத்தின என்பதைப் பிறகு தனி நூலாகவே எழுதினார். நோய் தீராவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று நோயாளிமேலேயே பழி போடும் போதனை, சந்தோஷத்தின் பெயரால் செய்யும் கொடுமை.

பினாங்கு கண்டது

எரேமியாவின் கடிதம் மலாயாத் தமிழனுக்கு எழுதியது போலவே இருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களில் பலர் சில ஆண்டில் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்குத் தமிழனைப் பிடித்ததற்குக் காரணம், அவன் சொன்ன பேச்சைக் கேட்பவன் என்ற கணக்கு. முகம் சுளிக்காமல் உழைப்பவன் என்ற பாராட்டுக்குப் பின்னால் கங்காணிக் கடனும் லயத்து வாழ்வும் இருந்தன. மலர்ந்த முகத்தைப் பக்தி என்று போதிப்பவர்கள், அது யாருக்கு வசதி என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பினாங்கு ரோட்டிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கரின் தாய்க்கோயில். 1882இல் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு சாமியார், தீபகற்பத்தின் பாகான் சிராயில் நிலம் பெற்று, தமிழ்க் குடும்பங்களை நெல் பயிரிடக் குடியேற்றினார். அந்தக் குடியிருப்பின் பெயர் சூசைபாளையம். கங்காணியின் கீழ் இல்லாமல் சொந்த மண்ணில் வீடு, வயல், கோயில். எரேமியா சொன்ன நம்பிக்கை கண்ணுக்குத் தெரிந்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

அனனியாவின் நம்பிக்கையையும் இந்தத் தீவு பார்த்தது. 1941 டிசம்பரில் போர் தொடங்கியபோது மலாயாவின் பாதுகாப்பு பற்றிப் பிரிட்டிஷ் அரசு தைரியமாகவே பேசிக்கொண்டிருந்தது. 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மேல் குண்டு வீசின. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் ஏராளமாக மடிந்தார்கள். சில நாளில் ஐரோப்பியரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, ஆசியரை ஆட்சி கைவிட்டது. 19ஆம் தேதி ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். பிறகு சயாம் மரண ரயில்பாதைக்கு ஓட்டிச்செல்லப்பட்டுக் காட்டில் மாண்டவர்களில் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில். செயின்ட் ஜார்ஜ் ஆலயம் சேதமுற்று, உள்ளிருந்த பொருள்கள் கொள்ளைபோயின. 1948இல்தான் அங்கே மீண்டும் ஆராதனை நடந்தது. போலித் தைரியத்தின் விலையை அதை நம்பிய எளியவர்களே கொடுத்தார்கள்.

இன்றைய பினாங்கில் கிறிஸ்தவ மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் ஜூலை 26ஐ ஒட்டிக் கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகலாம். தமிழரும் சீனரும் பிற நாட்டு வேலையாட்களும் கையில் மெழுகுவர்த்தியோடு ஒரே பவனியில் நடப்பார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நேர்த்திக்கடனோடு வருவார்கள். குழந்தை இல்லாதவர், நோயாளியைக் கூட்டி வந்தவர், வேலை போனவர். அழுதபடி வருகிறவர்களால் ஆன திருவிழா அது. கிறிஸ்மஸுக்கு நடக்கும் திறந்த இல்ல உபசரிப்பும் அப்படியே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசியாவில் கிறிஸ்தவர் 9.1 விழுக்காடு, அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக் மாநிலத்தார். 2010 கணக்கில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர் சுமார் 6 விழுக்காடு. சிறுபான்மைக்குள் சிறுபான்மையான ஒரு வீடு கதவைத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டு முஸ்லிமுக்கு ஏற்ற உணவைத் தனியே வரவழைத்து, தீபாவளிக்கு முறுக்கு தந்த வீட்டுக்குக் கேக் எடுத்து வைக்கும்போது, பிரசங்கம் இல்லாமலே மகிழ்ச்சி பகிரப்படுகிறது.

ஆய்வுகள் சொல்வது

மலர்ச்சிக்குப் பலன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நோத்ருதாம் சபைக் கன்னியர் 180 பேர் இளவயதில் எழுதிய சுயசரிதைக் குறிப்புகளை எடுத்து, 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. குறிப்புகளில் நன்றி, மகிழ்ச்சி, ஆர்வம் போன்ற உணர்வுகளை அதிகம் வெளிப்படுத்தியவர்கள், குறைவாக வெளிப்படுத்தியவர்களைவிடச் சுமார் 7 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உணவு, வேலை, வாழ்க்கைமுறை எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த பெண்கள் என்பதால் இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் மகிழ்ச்சியே ஆயுளைக் கூட்டியது என்று அது நிரூபிக்கவில்லை; பிறவிச் சுபாவமும் காரணமாக இருக்கலாம். நன்றிக்குரியவற்றைக் குறித்து வைப்பவர்களின் மனநிலை மேம்படுவதை உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003இல் காட்டினார்கள். நம் பாட்டிமார் படுக்கப்போகுமுன் சொல்லும் ஸ்தோத்திரத்துக்கு ஆய்வகச் சான்று.

மறுபக்கமும் உண்டு. நல்லது நடந்துவிட்டதாகக் கனவு காண்பது மட்டும் முயற்சியைத் தளர்த்திவிடும் என்று உளவியலாளர் காப்ரியேல் எட்டிங்கன் பல ஆய்வுகளில் கண்டார். சமய நம்பிக்கை நோயாளிக்கு உதவுமா என்று நெடுங்காலம் ஆராய்ந்த கென்னத் பார்கமன்டின் முடிவு கூர்மையானது. கடவுள் கூட இருக்கிறார் என்ற நம்பிக்கை துணை செய்கிறது. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டார் என்ற எண்ணம் நீடித்தால் முதிய நோயாளிகளின் மரண அபாயம்கூடக் கூடுகிறது. ஆக, துக்கத்தில் இருப்பவரிடம் விசுவாசக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது வெறும் நாகரிகக் குறைவு அன்று, உடம்புக்கும் கேடு.

சிரித்த முகத்துக்குப் பின்னால்

அன்னை தெரசா தம் சகோதரிகளிடம் சிரித்த முகத்தை வற்புறுத்திக் கேட்டவர். அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தன. ஏறக்குறைய 50 ஆண்டு கடவுளின் அண்மையை உணராமல் உள்ளே இருளோடு வாழ்ந்திருந்தார் என்பது உலகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலர் இதைப் போலித்தனம் என்றார்கள். கடிதங்களைப் படித்தால் அப்படித் தோன்றாது. தம் இருட்டைச் சாகக் கிடப்பவர்மேல் ஏற்றக்கூடாது என்று அவர் தீர்மானித்திருந்தார். அதே சமயம் ஆன்ம குருக்களிடம் ஒளிக்காமல் சொல்லியும் வந்தார். சிரித்த முகம் பிறருக்கு. உண்மை பேச நம்பிக்கையான ஓரிடம் தமக்கு. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் சபை மக்களிடம் கேட்பது ஆபத்து.

ஆபத்து என்பது மிகைச்சொல் அன்று. உலகமெங்கும் பாடப்படும் ஆங்கிலப் பாமாலைகளை எழுதிய வில்லியம் கூப்பர் பலமுறை தற்கொலைக்கு முயன்றவர். பிரசங்கிகளின் பிரபு என்று போற்றப்படும் ஸ்பர்ஜன் கடும் மனச்சோர்வில் விழுந்து எழுந்தவர். அதைப் பிரசங்க மேடையிலேயே சொன்னவர். 1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு நடத்திய முதல் அடக்கம், தற்கொலை செய்துகொண்ட 14 வயதுச் சிறுமிக்கு. பூப்படைந்ததன் அடையாளத்தை ஏதோ அவமானமான நோய் என்று நினைத்துவிட்டாள். கேட்க ஆள் இல்லை. 1953இல் வாரா லண்டனில் தொலைபேசி உதவி மையம் தொடங்கினார். தம்மைப் பார்க்கக் காத்திருந்தவர்கள், தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுத்த தன்னார்வலர்களிடமே மனம் திறந்து ஆறுதலடைந்து போவதைக் கண்டு, பிரசங்கமும் புத்திமதியும் இல்லாமல் கேட்பதையே அந்தப் பணியின் விதியாக்கினார். மலேசியாவில் இன்று பினாங்கு உள்பட இயங்கும் பிஃபிரண்டர்ஸ் அமைப்புகள் அந்த வழியில் வந்தவை, சமயம் பார்ப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசியா 2023இல் நீக்கியது. சட்டமே இரங்கிவிட்டது; இன்னும் இரங்காத பிரசங்கங்கள் இருக்கின்றன.

எங்கே வந்து நிற்கிறோம்?

இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. மலர்ந்த முகம் கிறிஸ்தவருக்குக் கடமை அன்று. ஆவியின் கனிகளில் ஒன்றாகத்தான் பவுல் சந்தோஷத்தைக் கலாத்தியருக்கு எழுதினார். கனியை அதட்டிப் பழுக்க வைக்க முடியாது. ஆனால் சந்தோஷத்துக்கு இடம் கொடுப்பது கடமை. இடுக்கண் வரும்போது சிரிக்கச் சொன்ன வள்ளுவரும் அந்த அதிகாரத்துக்கு இடுக்கண் அழியாமை என்றுதான் தலைப்பு வைத்தார். இடுக்கண்ணே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஒரு சபையின் மகிழ்ச்சி உண்மையானதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். அழுகிறவர் அங்கே கடைசிவரை உட்கார்ந்திருக்க முடிகிறதா? காலத்தைப் பற்றி உண்மை சொல்கிறார்களா, இரண்டு ஆண்டு என்று ஏய்க்கிறார்களா? பானை பொதுவா? மூன்றுக்கும் ஆம் என்றால், அங்கே பாட்டு எத்தனை சத்தமாக இருந்தாலும் தகும்.

சபைகளுக்கு மூன்று வேண்டுகோள். சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவரும் விசா வந்தவரும் மட்டும் எழுந்து பேசுகிறார்கள். இன்னும் கிடைக்காதவரும் எழுந்து அதைச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள், சொன்னதும் திருத்தப் போகாமல் கூட ஜெபியுங்கள். வருகிற டிசம்பர் 31 இரவு தட்டில் வைக்கும் அட்டைகளில் புலம்பல் சங்கீதங்கள் சிலவற்றையும் சேருங்கள். எரேமியா 29:11 வைத்தால் அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். ஆலய அறிவிப்புப் பலகையில் உபவாச ஜெப நேரத்துக்குப் பக்கத்திலேயே உங்கள் ஊர் மனநல மருத்துவமனையின் எண்ணையும் உதவி மையத்தின் எண்ணையும் எழுதிப்போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் போன் செய்தால், அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.